கொட்டேஷனில் எர்த் குழி

"செருப்பைக் கழட்டாத தம்பி. வெறுங்காலோட தொட்டா அது கடிக்கும்."

வீட்டுக்குள் செருப்புக் காலோடு போக எனக்குக் கூச்சமாக இருந்தது. எங்கள் மணப்பட்டில் எந்த வீட்டிலும் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த அம்மா விடவில்லை. கூடத்து மூலையில் மர மேசைமேல் ஒரு பழைய அசெம்பிள் கம்ப்யூட்டர் செட் இருந்தது. அந்த வீட்டுப் பையனுடைய மாமா பாண்டியில் வேறு வாங்கிக்கொண்டு, இதை இங்கே தள்ளிவிட்டிருந்தார். கேபினெட்டில் பெயின்ட் உரிந்திருந்த இடத்தைப் புறங்கையால் தொட்டேன். கடித்தது, கட்டெறும்பு மாதிரி. பையன் சிரித்தான். அவனுக்குப் பழகிவிட்டது. நாற்காலியின் குறுக்குக் கட்டையில் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டே பிளஸ் டூ வரைக்கும் விளையாடி முடித்திருக்கிறான்.

2023 ஐப்பசி அது. அம்மா சீட்டு எடுத்த பணம் ஐம்பதாயிரம் ரூபாய். மானிட்டர் கீபோர்டு எல்லாம் சேர்த்துப் புது செட் அதற்குள் முடிய வேண்டும். பையன் ஒரு நோட்டுத் தாளில் பட்டியல் எழுதி வைத்திருந்தான். முதல் வரியில் ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு. அது மட்டுமே அப்போது முப்பதாயிரத்தை நெருங்கும். அதற்குக் கீழே பிராசஸர், கண்ணாடிப் பக்கமும் நிற விளக்கும் உள்ள கேபினெட், ராம். கடைசி வரி: 'எஸ்எம்பிஎஸ் – ஏதாவது.'

இந்தத் தொழிலில் பதினெட்டு இருபது வருஷமாக இருக்கிறேன். என்னிடம் வந்த பட்டியல்களில் பாதிக்குமேல் அந்த 'ஏதாவது' இருந்திருக்கிறது. பணம் எல்லாம் மேல் வரிகளிலேயே தீர்ந்துபோய், கடைசியில் மிஞ்சும் ஐந்நூறுக்கோ எழுநூறுக்கோ, மெஷினுக்குக் கரன்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் என்று ஒரு தகர டப்பா. அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பையிலிருந்து டெஸ்ட் லாம்ப்பை எடுத்தேன். ஹோல்டரில் ஒரு நூறு வாட் குண்டு பல்பு, இரண்டு ஒயர், அவ்வளவுதான். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் வைத்தால் பளிச்சென்று எரிந்தது. பேஸுக்கும் எர்த்துக்கும் வைத்தேன். இழை சிவக்கக்கூட இல்லை. பிளக் பாயின்ட்டைக் கழற்றிப் பார்த்தால், மேலே இருக்கும் பெரிய துளைக்குப் பின்னால் ஒயரே கிடையாது. வீடு கட்டியபோது மூன்று துளை உள்ள பிளேட்டு வைத்திருக்கிறார்கள், இரண்டு துளைக்குத்தான் ஒயர் இழுத்திருக்கிறார்கள். வேறு சில வீடுகளில் நியூட்ரலையே வளைத்து எர்த் பின்னில் மாட்டியிருப்பார்கள். அது இதைவிட மோசம். நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால் கேபினெட் முழுக்க 230 வோல்ட் வந்து நிற்கும்.

கடிப்பதற்குக் காரணம் கம்ப்யூட்டர் கெட்டுப்போனதல்ல. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இரைச்சலை வடிகட்ட, லைனிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக இரண்டு சின்ன கெபாசிட்டர்களைப் பாடியோடு சேர்த்திருப்பார்கள். பாடிக்கு எர்த் இருந்தால் அந்தக் கசிவு யாருக்கும் தெரியாமல் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் பாடி 230-க்கும் பூஜ்யத்துக்கும் நடுவே, 115 வோல்ட் வாக்கில் மிதந்துகொண்டிருக்கும். கசியும் கரன்ட் மிகச் சிறியது, ஆளை ஒன்றும் செய்யாது. ஆனால் எர்த் உள்ள வேறொரு சாமானை எச்டிஎம்ஐ ஒயரில் சேர்க்கும்போது அந்த மிதப்பு ஒயர் வழியாக இறங்கும். டிவியின் எச்டிஎம்ஐ போர்ட் செத்துப்போச்சு என்று வந்த கேஸ்களில் சிலவற்றுக்கு இதைத்தான் காரணமாகக் கண்டேன்.

"ஐம்பதாயிரத்துல இதுக்கும் எடுத்து வைக்கணும்" என்றேன். பையன் முகம் வாடியது.

எனக்கு இந்தப் புத்தி படித்து வந்ததல்ல. கிருமாம்பாக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில்தான் ஆரம்பித்தேன். பென்டியம் 4, 256 எம்பி ராம், பெருத்த பின்பக்கம் உள்ள மானிட்டர்கள். மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து நெட் பார்க்க வருபவர்களைவிட 'வைஸ் சிட்டி' விளையாட வரும் பையன்கள் அதிகம். போர்டிலேயே உள்ள கிராபிக்ஸில் கார் நகர்வதற்குள் போலீஸ் பிடித்துவிடும். முதலாளி ஒரே ஒரு மெஷினில் ஒரு பழைய ஏஜிபி கார்டு மாட்டினார். அந்த மெஷினுக்கு வரிசை நின்றது. ஒரு கார்டு என்ன செய்யும் என்பதை அங்கேதான் பார்த்தேன். அதன்பின் பாண்டியில் ஒரு கடையில் உதவியாள், பிறகு சொந்தமாக வீட்டுத் திண்ணையிலேயே சர்வீஸ்.

அந்த ஆரம்ப நாளில் பக்கத்துத் தெருவில் ஒருவருக்கு ஒரு செட் போட்டுக் கொடுத்தேன். நல்ல பிராசஸர், நல்ல போர்டு. எஸ்எம்பிஎஸ் மட்டும் 'ஏதாவது'. 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவே கரையேறியது. அந்த நடுவில்தான் எங்கள் ஊர் இருக்கிறது. முந்திரி, பலா, சவுக்கு, கம்பம் எதுவும் மிச்சமில்லை. வாரக்கணக்கில் கரன்ட் இல்லை. திரும்பி வந்த சில நாளில், ஒரு சாயங்காலம் தெரு முழுக்கப் பல்புகள் திடீரென்று வெள்ளையாக எரிந்தன. 'லைட்டு நல்லா எரியுதே' என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டோம். கம்பத்தில் நியூட்ரல் அறுந்துவிட்டது. அப்படி அறுந்தால் ஒரு பேஸில் இருக்கும் வீட்டுக்கும் அடுத்த பேஸில் இருக்கும் வீட்டுக்கும் நடுவே 400 வோல்ட் பங்கு பிரியும். லோடு குறைவாக உள்ள வீட்டுக்குப் பங்கு அதிகம். டிவிகள் போயின, ஃபேன் காயில்கள் போயின. நான் போட்ட செட்டும் போனது. எஸ்எம்பிஎஸ் மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. அது போகும்போது போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. அந்த டிஸ்க்கில் அவர் தங்கச்சி கல்யாண போட்டோ முழுவதும் இருந்தது. வேறு பிரதி இல்லை. என்மேல் அவர் ஒரு வார்த்தை கோபப்படவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

நல்ல எஸ்எம்பிஎஸ்ஸும் 400 வோல்ட்டில் சாகும். ஆனால் தனியாகச் சாகும். அதற்குள் வேரிஸ்டரும் ஃபியூஸும் முன்னால் நின்று அடி வாங்கும். பின்பக்கம் வோல்ட் ஏறினால் தன்னை அணைத்துக்கொள்ளும் சர்க்யூட் இருக்கும். மலிவு டப்பாவைப் பிரித்துப் பார்த்தால், அந்தப் பாகங்களுக்கு போர்டில் இடம் அச்சடித்திருக்கும், பாகம் இருக்காது. சிலவற்றின் இடத்தில் ஒரு ஜம்பர் ஒயர் பற்றவைத்திருப்பார்கள்.

பிரிக்காமலே தெரிந்துகொள்ள இரண்டு வழி. ஒன்று, கையில் தூக்கிப் பார்ப்பது. உள்ளே செம்பும் ஹீட் சிங்க்கும் இருந்தால் கனக்கும். இன்னொன்று, பக்கவாட்டு லேபிளைப் படிப்பது. மேலே கொட்டை எழுத்தில் 450 வாட் என்று இருக்கும். கீழே சின்ன எழுத்தில் 12 வோல்ட்டுக்கு நேரே 10 ஆம்பியர் என்றிருந்தால், பெருக்கிப் பார்த்தால் 120 வாட்தான். இன்றைய பிராசஸரும் கார்டும் குடிப்பது அந்த 12 வோல்ட்டிலிருந்துதான். மிச்சக் கணக்கு எல்லாம் யாருக்கும் தேவைப்படாத 3.3 வோல்ட்டிலும் 5 வோல்ட்டிலும் ஏற்றிக் காட்டியது. ஒரு உண்மையான 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட்டுக்கு மட்டும் 40 ஆம்பியருக்கு மேல் போட்டிருக்கும்.

இதெல்லாம் தெரிந்தபிறகு பல வருஷம் சென்னை ரிச்சி தெருவுக்கு நானே போய்த்தான் சாமான் எடுத்தேன். ஈசிஆர் பஸ்ஸில் முதல் வண்டி, மத்தியானம் நரசிங்கபுரம் தெருவில் அலைச்சல், மடியில் மானிட்டர் பெட்டியோடு ராத்திரி திரும்புதல். கடலூர்க்காரர்கள் பாண்டியில் வரி கம்மி என்று இங்கே வந்து வாங்குவார்கள், நான் விலை கம்மி என்று சென்னைக்குப் போவேன். 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தது. கார்டு, போர்டு எல்லாவற்றுக்கும் எங்கே வாங்கினாலும் 18 சதவீதம் என்று ஆனபின் அந்த வரத்து நின்றுபோனது. இப்போது பாதி சாமான் ஆன்லைனில் வருகிறது. டெலிவரித் தம்பி சவுக்குத் தோப்பு முனையில் நின்றுகொண்டு போன் பண்ணுவான், "அண்ணா, மேப்புல ரோடு முடிஞ்சிடுச்சு."

ஏழை வீட்டுப் பையன்களுக்கு நல்ல காலம் என்றால் 2018-ஐச் சொல்வேன். அந்த பிப்ரவரியில் ஏஎம்டி ரைசன் 3 2200ஜி வந்தது. பிராசஸருக்குள்ளேயே வேகா 8 என்ற கிராபிக்ஸ். தனிக் கார்டு இல்லாமலே ஜிடிஏ 5 ஓடியது. நான் முதலில் போட்ட செட்டில் 8 ஜிபி ராம் ஒரே குச்சியாகப் போட்டேன். நூறு இருநூறு மிச்சம், அடுத்த ஸ்லாட்டும் காலியாக இருக்கும் என்ற கணக்கு. கேம் திக்கித் திக்கி நடந்தது. கையிலிருந்த இன்னொரு குச்சியை மாட்டினேன். அதே மெஷின் ஓட ஆரம்பித்தது. உள்ளிருக்கும் கிராபிக்ஸுக்குச் சொந்தமாக மெமரி கிடையாது, ராமிலிருந்துதான் எடுக்க வேண்டும். பாகூர் ஏரியில் தண்ணீர் எவ்வளவு இருந்தாலும் ஒரு மதகு திறந்தால் ஒரு மதகுத் தண்ணீர்தான் வயலுக்கு வரும். அன்றிலிருந்து 16 ஜிபி என்றால் 8-ம் 8-மாக இரண்டு குச்சிதான். ஒரே குச்சி போட்டுக் கொடுத்துவிட்டு 'அப்புறம் ஏத்திக்கலாம்' என்று சொல்கிற கடைக்காரரிடம் எனக்கு மரியாதை கிடையாது.

அடுத்தடுத்து வந்த காலம் அவ்வளவு நன்றாக இல்லை. 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைலைத் தடை செய்தார்கள். ஊரடங்கில் வீட்டில் அடைந்து கிடந்த பையன்கள் அந்த ஜூனில் வந்திருந்த வேலரன்ட்டுக்கு மாறினார்கள். அதற்கு செல்போன் போதாது, கம்ப்யூட்டர் வேண்டும். சரியாக அந்த நேரம்தான் கார்டு விலை ஏறியது. எத்தீரியம் காசு தோண்டுகிறவர்கள் மொத்தமாக அள்ளிக்கொண்டு போனார்கள். 2021-இல் ஒரு சாதாரண ஜிடிஎக்ஸ் 1650-க்குக் கடையில் கேட்ட விலையைச் சொன்னபோது, ஒரு அப்பா என்னையே சந்தேகமாகப் பார்த்தார். தங்கமா இது என்று கேட்டார். அந்த வருஷம் நான் விற்றதைவிட 'பொறுத்திரு' என்று சொல்லி அனுப்பியது அதிகம். வருமானமும் அப்படித்தான் இருந்தது.

2022 செப்டம்பர் 15-ஆம் தேதி எத்தீரியம் தன் முறையை மாற்றியது. அதன்பின் கார்டு வைத்து அதைத் தோண்ட வழியில்லை. கொஞ்ச நாளில் தோண்டியெடுத்து ஓய்ந்த கார்டுகள் மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. எனக்கும் ஆசை வந்தது. ஆர்எக்ஸ் 580 மூன்று எடுத்தேன். ஒன்றைக் கழுவித் துடைத்து மாட்டிப் பார்த்தால் 2048 ஸ்ட்ரீம் பிராசஸர் காட்டுகிறது. அசல் 580-க்கு 2304. பெயரை 580 என்று வைத்து 570-இன் சரக்கை விற்ற வகை அது. பெட்டி இல்லாமல் வாங்கிய எனக்கு அது தெரியவில்லை. இன்னொன்று ஒரு மழைக்காலம் தாங்கவில்லை. இரவு பகலாக மெமரியைக் காய்ச்சியிருக்கிறார்கள், சூடு கடத்தும் ஒட்டுப் பட்டைகள் வறண்டு பொடியாகியிருந்தன. மூன்றாவது இன்றும் ஒரு வீட்டில் ஓடுகிறது. மூன்றில் ஒன்று என்பது வேலைக்கு ஆகாத கணக்கு. செகண்ட் ஹேண்ட் பிராசஸர் வாங்கலாம், தயங்க மாட்டேன். பின் வளையாமல் இருந்தால் போதும், அது லேசில் சாகாது. செகண்ட் ஹேண்ட் கார்டு எடுத்தால் என் கண் முன்னால் அரை மணி நேரம் முழு லோடில் ஓட வேண்டும். செகண்ட் ஹேண்ட் எஸ்எம்பிஎஸ் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தக் கரையில் வேலை செய்கிறவனுக்குக் கம்பெனிக்காரன் சொல்லித் தராத பாடம் அது. காற்றில் வரும் உப்பு போர்டின்மேல் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படியும். வெயில் காலத்தில் ஒன்றும் செய்யாது. ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் அந்தப் படலம் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ராம் குச்சியின் தங்க முனையில் பச்சையும் கறுப்புமாகப் பூக்கும். "அண்ணா, டிஸ்ப்ளே வரல" என்று முதல் மழைக்கு மறுநாள் நாலு போன் வரும். ராமைக் கழற்றி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பென்சில் அழிக்கும் ரப்பரால் முனையைத் தேய்த்து, பிரஷ்ஷால் தட்டி, திரும்ப மாட்டினால் பெரும்பாலும் வந்துவிடும். கட்டணம் நூறு ரூபாய். தினமும் ஓடுகிற மெஷினுக்கு இந்த வியாதி குறைவு. உள்சூட்டில் ஈரம் தங்காது. பரீட்சை என்று மூன்று மாதம் துணி போட்டு மூடி வைப்பார்களே, அதுதான் மழைக்கு முதலில் படுக்கும். பெற்றோரிடம் இதைச் சொல்ல எனக்கே தயக்கம், பிள்ளைக்குப் பரிந்து பேசுகிறேன் என்று நினைப்பார்கள். வாரத்துக்கு ஒருநாள் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

கண்ணாடிக் கேபினெட்டுக்கும் நான் எதிரி. முன்பக்கமும் கண்ணாடியாக மூடியிருந்தால் அக்னி நட்சத்திரத்தில் கார்டு மூச்சு முட்டும். வலை முகப்பு வேண்டும், அதற்குள் கழற்றிக் கழுவுகிற மாதிரி ஒரு ஃபில்டரும் வேண்டும். பின்னால் ஸ்லாட் மூடிகள் எல்லாம் இருக்க வேண்டும். ஒரு மூடி விட்டுப்போனால் பல்லி உள்ளே போகும். எஸ்எம்பிஎஸ் சூட்டுக்குப் பல்லி போய் ஒண்டும். மிச்சம் சொல்ல வேண்டாம், நாற்றத்திலேயே தெரிந்துவிடும்.

மறுபடி அந்தப் பையன் வீட்டுக்கு வருகிறேன். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து அவன் தாளின் பின்பக்கமே கொட்டேஷன் எழுதினேன். கீழிருந்து மேலாக எழுதினேன், அதுதான் என் வழக்கம். எர்த் குழிக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு: குழாய், கரி, உப்பு, ஒயர், குழி வெட்டக் கூலி. 600 விஏ யுபிஎஸ் மூவாயிரம். அவர்கள் வீட்டு இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ், ஃபேனே அதில் முனகும், கம்ப்யூட்டரை அதில் சேர்க்கக் கூடாது. 550 வாட் எஸ்எம்பிஎஸ் நாலாயிரத்து இருநூறு. வலை முகப்புக் கேபினெட் மூவாயிரம். 24 அங்குல ஐபிஎஸ் மானிட்டர் எட்டாயிரத்து ஐந்நூறு. 500 ஜிபி என்விஎம்ஈ மூவாயிரம். ராம் இரண்டு குச்சி மூவாயிரத்து நானூறு. பி550 போர்டு எட்டாயிரத்து ஐந்நூறு. ரைசன் 5 5600ஜி பதினோராயிரத்து ஐந்நூறு. கீபோர்டும் மவுஸும் ஆயிரத்து இருநூறு. ஆக நாற்பத்தெட்டாயிரத்து எண்ணூறு.

"கார்டு?" என்றான்.

"இப்ப இல்ல."

அவன் எழுந்து உள்ளே போய்விட்டான். அவன் அம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அது இல்லாம ஆவாதாப்பா?" என்று மெதுவாகக் கேட்டார். எனக்கும் சங்கடம்தான். ஐம்பதாயிரத்தில் கார்டோடு ஒரு செட் போட முடியாதா என்றால் முடியும். ஐ3 12100எஃப், எச்610 போர்டு, ஆர்எக்ஸ் 6600. அன்றைய விலையில் இந்த மூன்றே முப்பத்தைந்தாயிரத்தைத் தொடும். மிச்சம் பதினைந்தில் மானிட்டர், ராம், டிஸ்க் எல்லாம் வாங்கினால், எஸ்எம்பிஎஸ் 'ஏதாவது' ஆகிவிடும், எர்த் என்ற பேச்சே எழாது. அந்தப் பிராசஸரில் பெயருக்குப் பின்னால் உள்ள 'எஃப்' என்ற எழுத்துக்குப் பொருள் உள் கிராபிக்ஸ் இல்லை என்பது. கார்டு ஒரு நாள் படுத்தால் மொத்த மெஷினும் இருட்டு. நகரத்தில், நல்ல ஒயரிங் உள்ள பிளாட்டில் இருக்கும் பையனுக்கு நானே அந்த செட்டைத்தான் சொல்லியிருப்பேன். கடிக்கிற கேபினெட் உள்ள வீட்டில் இருபதாயிரம் ரூபாய் கார்டை மாட்ட மனசு வரவில்லை.

என் தேர்விலும் குறை உண்டு. 5600ஜி-க்கு எல்3 கேஷ் 16 எம்பிதான், கடைசி எழுத்து இல்லாத 5600-க்கு 32. பிசிஐஈயும் மூன்றாம் தலைமுறைதான். பின்னால் 6600 கார்டு மாட்டினால் அந்தக் கார்டு எட்டு பாதைதான் பயன்படுத்தும் என்பதால் கொஞ்சம் வேகம் சிந்தும். இதை அவனிடம் எழுதியே கொடுத்தேன். பி450 போர்டு போட்டு இரண்டாயிரம் மிச்சம் பிடித்திருக்கலாமே என்று தொழில் தெரிந்தவர்கள் கேட்பார்கள். 2021-இல் அப்படி மிச்சம் பிடித்தவன்தான் நான். பழைய பயாஸோடு வந்த பி450-இல் 5600ஜி-யை மாட்டி, டிஸ்ப்ளே வராமல் மூன்று நாள் பிராசஸர்மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒருவர் வீட்டு மெஷினிலிருந்து 2200ஜி-யைக் கடன் வாங்கி மாட்டி, பென் டிரைவில் பயாஸ் ஏற்றினேன். ஏறி முடிகிற அந்த ஐந்து நிமிஷம் கரன்ட் போகக் கூடாதே என்று பாகூர் மூலநாதரை வேண்டிக்கொண்டேன். பிராசஸர் இல்லாமலே பென் டிரைவிலிருந்து பயாஸ் ஏற்றும் பட்டன் உள்ள போர்டுக்கு அதிகம் கொடுப்பதில் எனக்கு வருத்தம் இல்லை.

இரண்டு நாள் கழித்துப் பையனே வந்தான். "சரிண்ணா. ஆனா எர்த் குழிய நானே வெட்டுறேன், கூலிய கொறைச்சுக்குங்க." அந்தப் பணத்தில் நல்ல மவுஸாக வாங்கிக்கொண்டான். கொல்லையில் வாழைக்குப் பக்கத்தில், மாட்டுக் கொட்டாய்த் தண்ணீர் ஓடும் இடமாகப் பார்த்துக் குழி வெட்டினோம். மணல் பூமி, ஈரம் நிற்காது. கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டுக் குழாயை இறக்கினோம். கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று சொன்னேன். டெஸ்ட் லாம்ப் இந்தத் தடவை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி எரிந்தது. கேபினெட்டைத் தொடச் சொல்லி அவன் அம்மாவைக் கூப்பிட்டேன். புடவை முந்தானையால் விரலைச் சுற்றிக்கொண்டு தொட்டார். பிறகு முந்தானையை விட்டுவிட்டுத் தொட்டார்.

வேலரன்ட் 1080பி-யில் செட்டிங்கைக் குறைத்து வைத்தால் நூறு ஃபிரேமுக்கு மேல் கொடுத்தது. ஜிடிஏ 5 தாராளமாக ஓடியது. புதிய பெரிய கேம்கள் எதுவும் ஓடவில்லை. அவன் அதைப் பற்றி என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் பாண்டிக்குப் பக்கத்தில் கரையேறியது. ஒரே நாளில் 45 செ.மீ.-க்கு மேல் மழை. மேலே சாத்தனூர் அணையைத் திறந்ததும் தென்பெண்ணை பெருகி, பாகூர் பக்கத்து ஊர்களுக்குள் தண்ணீர் நுழைந்தது. அந்த வாரம் என்னிடம் வந்த மெஷின்களில் பதினொன்று நனைந்தவை. சேற்றுத் தண்ணீரில் முழுகிய போர்டைக் காப்பாற்ற முடியுமா என்றால், முடியும், நனைந்தபின் யாரும் ஸ்விட்ச் போட்டுப் பார்க்காமல் இருந்தால். முதலில் பட்டன் பேட்டரியைக் கழற்ற வேண்டும். டிஸ்டில்டு வாட்டரில் அலசி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஒரு முறை கழுவி, நிழலில் ஒரு வாரம் காயவிட வேண்டும். பதினொன்றில் ஏழு பிழைத்தன. பிழைக்காத நான்கும் 'வேலை செய்யுதா பாப்போம்' என்று போட்டுப் பார்த்தவை. அந்தப் பையன் தன் கேபினெட்டை இரவோடு இரவாகப் பரண்மேல், அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் ஏற்றிவிட்டான். அவன் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, ஆனாலும் ஒரு வாரம் இறக்கவில்லை.

2025 தொடக்கத்தில் காட்டுக்குப்பம் இன்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலைக்குச் சேர்ந்தான். நாலாவது மாதச் சம்பளத்தில் ஆர்எக்ஸ் 6600 வாங்கிவிட்டான். தானே மாட்டிக்கொண்டு போன் பண்ணினான், "அண்ணா, எந்த மாத்தமும் தெரியல." எஸ்எம்பிஎஸ்ஸை நினைத்து ஒரு நொடி வயிறு கலங்கியது. அது 132 வாட் கார்டு, எட்டு பின் ஒயர் ஒன்று, 550-க்கு ஒரு சுமையே இல்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால், மானிட்டர் ஒயர் இன்னும் போர்டின் பின்பக்கத்திலேயே இருக்கிறது. பிடுங்கிக் கார்டில் சொருகினேன். இருவரும் அதைப் பற்றி வெளியே பேசுவதில்லை என்று ஒப்பந்தம். இதை இங்கே எழுதுவது அதில் சேராது.

இப்போது ராம் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. அவனுக்கு மூவாயிரத்து நானூறுக்குப் போட்ட அதே இரண்டு குச்சி, 2025 கடைசியில் இரண்டு மடங்கைத் தாண்டியது. மெமரி செய்யும் கம்பெனிகள் ஏஐ டேட்டா சென்டர்களுக்கு வடித்துக் கொடுக்கவே நேரம் போதாமல் இருக்கின்றன. மைக்ரான், நம்மைப் போன்றவர்கள் வாங்கும் க்ரூசியல் பிராண்டையே நிறுத்திக்கொள்வதாக டிசம்பரில் அறிவித்துவிட்டது. கொட்டேஷன் கேட்டு வருகிறவர்களிடம் 'இன்னிக்கு ராத்திரி வரைக்கும்' என்று சொல்லித்தான் எழுதிக் கொடுக்கிறேன். கரையில் மீன் ஏலம் கூறுவதுபோல ஆகிவிட்டது, காலை விலை மதியத்துக்கு இல்லை. போன மாதம் கிருமாம்பாக்கத்தில் எஞ்சினியரிங் படிக்கும் ஒரு பெண் வந்தாள். 16-க்குப் பதில் இப்போதைக்கு 8 ஜிபி ஒரே குச்சியாகப் போடலாமா என்று கேட்டாள். ஒரே குச்சி போடுகிற கடைக்காரரைப் பற்றி மேலே நான் எழுதியதை அவள் படித்திருக்கமாட்டாள். போட்டுக் கொடுத்தேன். அவள் வீட்டில் எர்த் நன்றாக இருந்தது.

அவளுக்கு மானிட்டர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது பழைய பையன் வீட்டு வழியாக வந்தேன். அவன் ஷிப்ட்டுக்குப் போயிருந்தான். அவன் அம்மா கொல்லையில் வாழைக்குப் பக்கத்தில் குடத்தோடு நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், ஏதோ பால் கறந்தாயிற்றா என்று கேட்டவனுக்குப் பதில் சொல்வதுபோல, "கம்ப்யூட்டருக்குத் தண்ணி ஊத்திட்டேன்பா" என்றார்.